வேலை முடிந்த சாமான்

ஊரை விட்டுப் போகச் சொல்லித் துவக்கோடு வந்த இயக்கக்காரர்கள் அறிவித்த அன்றைக்கு, ஜபார் தன்னுடைய பொருள் என்று உருப்படியாக எதையும் எடுக்கவில்லை. இன்னொருத்தருடைய கத்தியை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு வந்தார்.

இதை அவர் மனைவி அஸீஸா இருபத்தைந்து வருசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கூரைத் தகரம் ஒழுகினாலும் சொல்லுவாள், கறிக்கு உப்புக் கூடினாலும் சொல்லுவாள். "என்ட தையல் மெசின் விடத்தல்தீவில கெடக்கு. இன்னாசியார்ட கத்தி தில்லையடியில கெடக்கு. நல்ல மாத்து."

மகள் ஃபஹ்மியா இதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள். ஊரை விட்டு வந்த அடுத்த வருசம் புத்தளத்தில் ஓலைக் கொட்டில் ஒன்றில் பிறந்தவள்.

கதை இதுதான். மன்னார்க் கரையில், விடத்தல்தீவில், ஜபார் சைக்கிள், பூட்டு, மண்ணெண்ணெய் அடுப்பு என்று வந்ததெல்லாம் திருத்திக்கொண்டிருந்தார். தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் ஒரு நாள், அடுத்த தெருவில் இருந்த இன்னாசிப்பிள்ளை என்ற கத்தோலிக்க வேதக்கார மீன்பிடிகாரர் தன் மடக்குக் கத்தியைக் கொண்டுவந்தார். "நானா, பிடி ஆடுது. ஆணியை ஒருக்கா இறுக்கி விடுங்கோ" என்று தந்துவிட்டுக் கடலுக்குப் போனார். ஜபார் அன்றைக்கே இறுக்கி முடித்துவிட்டார். இன்னாசியார் கரைக்கு வர முதல் அறிவிப்பு வந்துவிட்டது: முஸ்லிம் என்று ஒரு சோனகரும் வடக்கில் இருக்கக் கூடாது. வீட்டுப் பூட்டின் திறப்பை, சாவியை, இன்னாசியார் வீட்டில் கொடுத்த ஜபார், கத்தியை மட்டும் தந்தவர் கையிலேயே கொடுக்க வேண்டும் என்று தன்னோடு வைத்துக்கொண்டார். வழியில் பைகளைக் கொட்டிப் பார்த்த இயக்கப் பொடியன் அஸீஸாவின் காதுத் தோட்டைக் கழற்றி வாங்கினான். பிசுக்கேறிக் கறுத்துக் கிடந்த கத்தியைத் தூக்கிப் பார்த்து, ஒன்றுக்கும் உதவாது என்று பைக்குள்ளேயே போட்டான்.

திருத்தத் தந்த சாமான் அமானிதம். நம்பி ஒப்படைத்த பொருள். உரியவர் கையில் போய்ச் சேருமட்டும் காவல் இருக்க வேண்டும். ஜபாருக்கு அதில் இரண்டாம் பேச்சு இல்லை. ஒரு பால்மா டின்னில் சீலை சுற்றி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குக் குளிக்க முதல் டின்னைத் திறந்து, பிடியில் தேங்காயெண்ணெய் தடவி, திரும்பச் சுற்றி வைப்பார். ஓலைக் கொட்டிலிலும் அப்படித்தான், பிறகு தில்லையடியில் கல்வீடு கட்டியபோதும் அப்படித்தான். அந்தக் கத்திக்குக் கிடைத்த எண்ணெய் தன் தலைக்குக் கிடைக்கவில்லை என்று அஸீஸா சொல்லுவாள். ஆனால் ஒரு நாளாவது அவர் அதை விரித்துப் பார்த்ததில்லை. சின்ன வயதில் ஃபஹ்மியா கேட்டாள், ஏன் என்று.

"வேலைக்கெண்டு தந்தா திறக்கலாம். இது வேலை முடிஞ்ச சாமான். இனித் திறந்து பாக்கிறதுக்கு எனக்கு என்ன உரிமை?"

அந்தத் தெருவில் கம்பஸ் போன முதல் ஆள் ஃபஹ்மியா. தொல்லியல் படித்தாள். படித்து முடித்து வந்தவளுக்கு வேலை கிடைக்கவில்லை. மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு முன்னால் மற்றப் பட்டதாரிகளோடு பதாகை பிடித்து நின்றதுதான் மிச்சம். புத்தளத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறவர்களுக்கு அவள் இன்றைக்கும் 'அகதிட மகள்'. பொம்புளப் புள்ளைக்கு மண் தோண்டுற படிப்பு என்னத்துக்கு என்று கேட்ட வாய்கள், அப்பவே சொன்னோம் என்றன. "மண் தோண்டாம விட்டதாலதான் ஒங்கட மூளைக்கு மேல இவ்வளவு மண்" என்று ஒரு பெரியம்மாவுக்குச் சொல்லி, உம்மாவிடம் ஏச்சு வாங்கினாள். யாரோடும் நயந்து பேச அவளுக்கு வராது.

கம்பஸில் படிப்பித்த மேடம் ஒருவர் மட்டும் அவளை மறக்கவில்லை. அவர் வெள்ளைக்காரர் காலத்து மன்னார் முத்துக்குளிப்பைப் பற்றி ஒரு ஆராய்ச்சி தொடங்கியிருந்தார். பழைய படங்களைத் தரம் பிரித்துத் தரச் சொல்லி ஃபஹ்மியாவுக்குக் கொஞ்சம் வேலை தந்தார். அதில் ஒரு படம். சிப்பிக் குவியலுக்குப் பக்கத்தில் தொப்பி போட்ட மேற்பார்வைக்காரன் ஒருத்தன் நிற்கிறான். கையில் விரித்த மடக்குக் கத்தி. நீட்டு அலகுக்குப் பக்கத்தில் கட்டையாக, தடிப்பாக, நுனி மழுங்கலாக இன்னொரு அலகு. பிடியின் அடியில் கயிறு கோர்க்கிற வளையம், சிப்பி வடிவத்தில்.

அந்த வளையத்தை ஃபஹ்மியாவுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை தோறும் எண்ணெயில் மினுங்கப் பார்த்தவள்.

ஜபார் உப்பளத்தில் தள்ளுவண்டி திருத்தப் போயிருந்த நேரம் அவள் டின்னைத் திறந்தாள். கத்தி விரியவில்லை. நகத்தைக் கொடுத்து இழுத்தாள், அசையவில்லை. வெளியில் எண்ணெய் தடவித் தடவி உள்ளே ஒரு சொட்டும் போகாமல், கரையோரத்து உப்புக் காற்றில் அலகு இரண்டும் துருக் கறள் பிடித்து இறுகிக் கிடந்தன. பலவந்தம் பண்ணினால் உடையும். ஈர்க்கு நுனியில் மண்ணெண்ணெய் தொட்டு மூட்டில் சொட்டாக விட்டாள். வாப்பா வெளியே போகிற நேரமெல்லாம் இதே வேலை. விடுவதும், பொறுப்பதும், நூலை மடித்து இடுக்கில் ஓட்டுவதுமாக. ஒரு பின்னேரம் நீட்டு அலகு முனகிக்கொண்டு அசைந்தது. அடுத்த நாள் கட்டை அலகும் வந்தது.

அலகின் அடியில் ஒரு முத்திரை இருந்தது. பழந்துணியால் ஒற்றி எடுக்க எடுக்கத் தெளிந்தது: ஒரு கிரீடம், ஷெஃபீல்ட் என்ற ஊர்ப்பெயர், கீழே சின்னதாக ஒரு சிப்பி. பிடியில் கட்டியாக உறைந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கை மெதுவாக வழித்தாள். கறுப்பு என்று எல்லாரும் நினைத்திருந்த பிடி, தேன் நிறத்து மான்கொம்பு. அலகைத் தேய்த்துப் பளபளப்பாக்க அவள் போகவில்லை. கறளை நிறுத்தினாளே தவிர, பழசைச் சுரண்டவில்லை. அந்த மட்டுக்கு அவளுக்குத் தொழில் தெரியும்.

படம் எடுத்து மேடத்துக்கு அனுப்பினாள். மேடம் உடனேயே போன் எடுத்தார்.

"ஃபஹ்மியா, இதை எங்க எடுத்தீங்க? இப்பிடிச் சொல்லிச் செய்விச்ச கத்தி இருந்ததெண்டு வாசிச்சிருக்கிறன். கண்ணால காணேல்ல. இனி ஒண்டும் பூச வேண்டாம். கொண்டு வாங்க. இந்தப் பொருளை வெச்சு நீங்களே எழுதுங்க. உங்களை உதவி ஆய்வாளரா எடுக்கச் சொல்லிக் கேக்க எனக்கும் வாய் இருக்கும்."

அன்றைக்கு இரவு அவள் வாப்பாவிடம் சொன்னாள். ஜபார் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் கேட்டார்.

"திறந்திட்டியா?"

"ஓம். திறக்காம வெச்சுத்தான் உள்ளுக்கு அரிச்சுப்போய்க் கெடக்கு. பாருங்க. இன்னும் கொஞ்ச காலம் போனா கம்பித் துண்டுதான் மிஞ்சும். ஒங்கட அமானிதத்த நீங்களே அழிக்கப் பாத்தீங்க."

அவர் அலகை வெளிச்சத்தில் பிடித்து, புள்ளி புள்ளியாக அரித்த இடங்களை விரலால் தடவினார். இரும்போடு பழகின மனிதருக்கு அது விளங்காமல் இல்லை.

"எழுதிப் படிச்ச ஆக்கள் சொன்னா என்ன, இது எங்கட இல்ல மகள்."

"அவங்கட எண்டா ஏன் இருபத்தஞ்சு வருசமா ஒருத்தனும் தேடி வரல்ல?"

"அவங்க எங்கெண்டு தேடுவாங்க?"

"நாங்க எங்க இருக்கிறமெண்டு முழு இலங்கைக்கும் தெரியும். அகதி முகாம் எண்டு கேட்டாப் பஸ்காரனே இறக்கி விடுவான்."

அஸீஸா குசினியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள், "பேசாம அவளுக்குக் குடுங்க. என்ட மெசினுக்கு ஈடா இருக்கட்டும்."

கடைசியில் ஜபார் ஒரு உடன்பாட்டுக்கு இறங்கி வந்தார். சண்டை முடிந்து பாதை திறந்ததிலிருந்து ஆடி மாதத்தில் தலவில் அன்னம்மா கோயில் திருநாளுக்கு மன்னாரிலிருந்து பஸ் பஸ்ஸாக வேதக்காரர் வருகிறார்கள். ஒவ்வொரு வருசமும் ஜபார் காற்றடிக்கிற பம்பும் பஞ்சர் ஒட்டுகிற பெட்டியுமாக அங்கே போய் உட்காருவார். உழைக்கப் போகிறார் என்று ஊர் நினைத்தது. அவர் போனது மன்னார் பஸ்களைப் பார்க்க. பாதை திறந்த புதிதில் ஒருக்கா ஊருக்கே போய், கதவும் ஓடும் இல்லாத தன் வீட்டையும் இன்னும் ஆள் திரும்பாத இன்னாசியார் வீட்டையும் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இந்தப் பழக்கம்.

"இந்த வருசமும் பாப்பம். இன்னாசியார்ட ஆக்கள் வந்தா அவங்களுக்கு. இருட்டுமட்டும் ஒருத்தரும் வராட்டி நீ கொண்டுபோ. நான் அல்லாஹ்வுக்குப் பதில் சொல்லிக்கொள்றன்."

ஃபஹ்மியாவும் கூடப் போனாள். கத்தியைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வாப்பா யாராவது ஒரு பொய்க்காரனை நம்பிக் கொடுத்துவிடுவார் என்று சொல்லித்தான் வாங்கி வைத்தாள். உண்மை என்னவென்றால், ஒருத்தரும் வரக்கூடாது என்று வழி முழுக்க அல்லாஹ்விடம் துஆக் கேட்டுக்கொண்டு போனாள்.

நுரைச்சோலையைத் தாண்டும்போது மின்நிலையத்துப் புகைபோக்கி பஸ்ஸுக்குக் கூடவே வந்தது. தலவிலில் மணலும் சனமும் மெழுகுதிரி வாசமும். மரங்களுக்குக் கீழே பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாகச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். ஜபார் பஸ்கள் நிற்கிற பக்கம் பம்பை வைத்துவிட்டு, மன்னார்ப் பெயர்ப்பலகை போட்ட ஒவ்வொரு பஸ்ஸாகப் போய்க் கேட்டார்.

"விடத்தல்தீவு ஆக்கள் ஆரும் வந்திருக்கா?"

பேசாலை என்றார்கள். முருங்கன் என்றார்கள். ஒரு சாரதி, "ஏன் நானா, பொண்ணு பாக்கவோ?" என்று கேட்டான். ஜபாரும் சேர்ந்து சிரித்தார். ஃபஹ்மியாவுக்கு அந்தச் சாரதியையும் பிடிக்கவில்லை, சிரித்த வாப்பாவையும் பிடிக்கவில்லை.

பொழுது சாயத் தொடங்கியது. அவள் பயந்தபடி ஒருத்தரும் வரவில்லை. மேடத்துக்கு என்ன சொல்லுவது, கட்டுரைக்கு எங்கே தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனாள். அங்கே சட்டியைக் கழுவிக்கொண்டிருந்த நாற்பது, நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி இடம் விட்டு விலகினாள்.

"பிடியுங்கோ தங்கச்சி. நீங்கள் இந்தப் பக்கத்து ஆக்களோ?"

"ஓம், புத்தளம்."

"நாங்கள் விடத்தல்தீவு. இவரும் பிள்ளைகளும் அங்க இருக்கினம்." அவள் ஒரு மரத்தைக் காட்டினாள். அதன் கீழே ஒரு ஆள் பாயில் சாய்ந்திருந்தான். "முந்தி எங்கட ஊரிலயும் உங்கட ஆக்கள் கனபேர். தாயா பிள்ளையாத்தான் இருந்தனாங்கள். நல்ல சனம், குறை சொல்லக் கூடாது. ஒராள்தான் எங்கட அப்பாவை ஏமாத்திப்போட்டுப் போனது."

போத்தல் நிரம்பி வழிந்தது. ஃபஹ்மியா குழாயை மூடவில்லை.

"என்ன ஏமாத்து?"

"அதை ஏன் கேக்கிறீங்கள். அப்பாட்ட ஒரு கத்தி இருந்தது. அவற்ர அப்பாவுக்கு ஆரோ வெள்ளைக்காரத் துரை குடுத்தது. திருத்தக் குடுத்த இடத்தில, அந்தாள் அதையும் கொண்டுபோயிட்டுது. அப்பா சாகுமட்டும் சொல்லிச் சொல்லித்தான் செத்தவர். ஜபார் களவெடுத்துக்கொண்டு போயிற்றான், ஜபார் களவெடுத்துக்கொண்டு போயிற்றான் எண்டு."

பேசாமல் தண்ணீரை எடுத்துக்கொண்டு திரும்பலாம். இன்னும் கொஞ்ச நேரத்தில் இருட்டிவிடும். வாப்பா பஸ்களின் மற்றப் பக்கத்தில் நிற்கிறார். இந்தப் பெண் அவரைக் காணப் போவதில்லை, அவரும் இவளைக் காணப் போவதில்லை. நாளைக்குக் கம்பஸ். கத்தியோடு வேலை. ஃபஹ்மியாவுக்கு இதெல்லாம் ஒழுங்காக விளங்கியது. விளங்கிக்கொண்டே கைப்பையைத் திறந்தாள். நேர்மை கீர்மை என்று ஒன்றும் அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. சுத்தமான கோபம். தையல் மெசினை விட்டுவிட்டு இதைத் தூக்கி வந்த மனிதனைக் கள்ளன் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்.

"நான் ஜபார்ட மகள்" என்றாள். "இந்தாங்க ஒங்கட அப்பாட கத்தி. கள்ளன் இருபத்தஞ்சு வருசமா எண்ணெய் பூசி வெச்சிருந்தான்."

அந்தப் பெண் பயந்துபோனாள். கையைப் பாவாடையில் துடைத்து, கத்தியை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு முகம் இறுகியது.

"இது இல்லைத் தங்கச்சி. அப்பான்ர கத்தி கறுப்பு."

"கறுப்பில்ல. ஊத்தை. நான்தான் கழுவின."

"கண்டறியாத கதை. நான் சின்னப் பிள்ளையில தினமும் பாத்த சாமான். இது புதுசு மாதிரிக் கிடக்கு. ஏதேன் வாங்கிக்கொண்டுவந்து காட்டுறீங்களோ?"

உலகத்தில் இதைப் போல ஒன்றைத் தான் கண்டதில்லை என்று மேடம் சொன்ன கத்தி. ஃபஹ்மியா முத்திரையைக் காட்டினாள், வளையத்தைக் காட்டினாள், சிப்பி திறக்கிற கட்டை அலகை விரித்துக் காட்டினாள். அந்தப் பெண்ணுக்கு முத்திரையும் தெரியாது, அலகு எதற்கென்றும் தெரியாது. கறுப்பு ஒன்றைத்தான் தெரியும். அந்தக் கறுப்பை ஃபஹ்மியா தன் கையாலேயே வழித்து எறிந்துவிட்டாள்.

சத்தம் கேட்டுச் சனம் பார்த்தது. ஜபாரும் வந்துவிட்டார். வந்தவர் கத்தியைப் பார்க்கவில்லை, பெண்ணின் முகத்தைப் பார்த்தார்.

"மக்தலேனாவா? சின்ன மகள். எங்கட கடைக்கு வந்து சைக்கிள் மணி அடிச்சு விளையாடுவ. அப்பா வந்திருக்கிறாரா?"

"அப்பா எங்களை விட்டு மோசம்போயிட்டார்."

ஜபார் இப்போதுதான் கத்தியைப் பார்த்தார். பிறகு, "கத்தி இதுதான் தங்கச்சி. வேலை முடிஞ்சு இருந்தது. குடுக்கக் கெடைக்கல்ல" என்றார்.

மக்தலேனா அவரையும் கத்தியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தேகம் கலைந்து, அதைவிட மோசமான ஒன்று வந்தது. இரக்கம்.

"சரி நானா. மனச்சாட்சி குத்தித்தானே தேடிக் கொண்டுவந்திருக்கிறீங்கள். அதே இல்லாட்டியும் பரவாயில்லை, வேறொண்டாவது தந்தீங்களே. அன்னம்மா கோயில் வாசல்ல வெச்சுச் சொல்லுறன், நாங்கள் மன்னிச்சிட்டம். அப்பாவும் மன்னிப்பார்."

"ஓம்" என்றார் ஜபார்.

"என்ன ஓம்?" ஃபஹ்மியாவின் குரல் கீச்சிட்டது. "வாப்பா, என்ன ஓம்? நீங்க என்ன களவெடுத்தீங்க? இவங்கட்டக் கேளுங்க, எங்கட வீட்டுக் கதவு எங்கயாம்? ஓடு எங்கயாம்? உம்மாட மெசின் எங்கயாம்? பூட்டுத் திறப்பை அவட அப்பாட வீட்டிலதானே குடுத்திட்டு வந்தீங்க. அதுவும் அமானிதம்தானே?"

மக்தலேனா கத்தவில்லை. சட்டியைக் கீழே வைத்தாள்.

"கதவு பங்கருக்கு மேல போட்டது தங்கச்சி. செல் குண்டு விழ விழ வேற என்னத்தைப் போடுறது? அதுக்குக் கீழ இருந்துதான் நானும் தம்பியும் தப்பினனாங்கள். ஓடு, மெசின் எல்லாம் ஆர் கொண்டுபோனதெண்டு தெரியாது. நாங்களும்தான் மடுக் கோயிலுக்கு ஓடினனாங்கள். அப்பா அப்ப சொன்னார், என்ர கத்தியை அவன் எடுத்தவன்தானே, அவன்ர கதவை நான் எடுத்தாப் பாவமில்லையெண்டு."

கதவு இரண்டு உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அதை எடுத்ததைச் சரிக்கட்டக் களவுப் பட்டம் வாப்பாவுக்கு. இந்த நியாயத்தை எந்தப் பக்கத்தால் பிடித்து உடைப்பது என்று ஃபஹ்மியாவுக்குத் தெரியவில்லை. தெரியாததே இன்னும் எரிச்சலைக் கூட்டியது.

"வாங்கோ நானா, இருந்திட்டுப் போங்கோ" என்று மக்தலேனா மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். ஜபார் போனார். விட்டுவிட்டு நிற்க முடியாமல் ஃபஹ்மியாவும் பின்னால் போனாள். மக்தலேனாவின் புருசன் கதையைக் கேட்டான், கத்தியை வாங்கி விரித்தான். அது சத்தமில்லாமல் விரிந்தது. "ஆகா, நல்லா வேலை செய்யுதே" என்றான். பாயில் கிடந்த அன்னாசியை இழுத்து நீட்டு அலகால் தோலைச் சீவினான். பிறகு கட்டை அலகைத் திறந்து பார்த்து, அதன் மழுங்கின நுனியால் அன்னாசியின் கண்களை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தான்.

"இதுக்கெண்டே செய்தமாதிரிக் கிடக்கு, பாரப்பா."

புளிப்புச் சாறு முத்திரையின் மேலால் வழிந்து மூட்டுக்குள் இறங்கியது.

"தண்ணியில கழுவித் துடைச்சுப்போட்டு மூடுங்க" என்றாள் ஃபஹ்மியா. "அப்பிடியே மூடினா கறள் பிடிக்கும். தேங்காயெண்ணெய் பூச வேண்டாம். மாசத்துக்கு ஒருக்காவாவது திறந்து பாருங்க."

"ஓமோம்" என்றான் அவன். கத்தியைத் தன் சாரத்தில் இரண்டு தரம் தேய்த்து, மடித்து, சாப்பாட்டுக் கூடைக்குள் போட்டான்.

ஜபார் தனக்குத் தந்த துண்டை ருசித்துத் தின்றார். இன்னாசியார் கடைசிக் காலத்தில் எப்படி இருந்தார், வலைக்குப் போனாரா, கால் வருத்தம் இருந்ததே என்ன ஆனது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மக்தலேனா அழுதாள். அவரும் கண்ணைத் துடைத்தார். ஃபஹ்மியா தன் துண்டைத் தொடவில்லை. எறும்பு மொய்த்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் மேடத்தின் செய்தி வந்திருந்தது: எப்ப கொண்டுவாறீங்க? அவள் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். பக்கத்தில் ஜபார், நெல் மூட்டையை இறக்கி வைத்தவர் மாதிரித் தோளைத் தளர்த்தி உட்கார்ந்திருந்தார். பாலாவிச் சந்தி கிட்ட வரும்போதுதான் அவள் வாய் திறந்தாள்.

"களவெடுக்காத களவுக்கு ஏன் ஓம் எண்டீங்க?"

"இல்லையெண்டு சொன்னா அவ வாங்கியிருக்க மாட்டா மகள். இது இல்ல, இது இல்லையெண்டுதானே நிண்டா. களவெடுத்தவன் ஈடாத் தாறான் எண்டு நினைச்சதாலதான் வாங்கினா."

"அதுக்கு நீங்க கள்ளனாகோணுமா?"

"சாமான் போய்ச் சேரோணும். என்ட பேர் அங்க எப்பிடிக் கெடந்தா என்ன, நான் அங்கயா இருக்கிறன்?"

"நான் இங்கதான் இருக்கிறன்" என்றாள் ஃபஹ்மியா. "ஒங்கட பொறுப்பு முடிஞ்சிது. நாளைக்குக் காலைல நான் எழும்பி எங்க போற? அதச் சொல்லுங்க."

ஜபார் ஏதோ சொல்ல வந்தார். நடத்துனர் தில்லையடி, தில்லையடி என்று கூவினார். அவர் பம்பையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு அவசரமாக இறங்கினார். அவள் மெதுவாகப் பின்னால் இறங்கி, அவருக்கு எட்டாத தூரத்தில் நடந்து போனாள்.